டைகருக்குப் போட்ட தேங்காய் பன்

பாதியில் விட்ட பாடம் சும்மா இருக்காது. நாம் நல்ல சட்டை போட்டிருக்கும் நாளாகப் பார்த்துத் தேடி வரும். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். பிறகு திருப்பூர் சாயப்பட்டறை, ஓசூர் கோழிப்பண்ணை, மைசூர் ஓட்டல் என்று எல்லாவற்றையும் அப்படியே விட்டேன். அவையெல்லாம் என்னை மன்னித்துவிட்டன. கடைசியாக விட்ட பாடம் மட்டும் மன்னிக்கவில்லை.

அப்போது எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு பிஜி ஹாஸ்டலில் சமையல்காரன். படுக்கையும் சமையலறையிலேயே. (குளிர்காலத்தில் அது வசதி.) பக்கத்து கிளினிக்கில் வேலை பார்த்த ஜெசிந்தாவும் நானும் கல்யாணம் செய்துகொள்வதென்று முடிவெடுத்திருந்தோம். அவள் வீடு லிங்கராஜபுரத்தில். அங்கே முடிவெடுப்பது டைகர் என்ற நாய்.

"டைகருக்குப் புடிக்கலன்னா எங்கப்பாவுக்கும் புடிக்காது. ரெண்டு மாப்பிள்ளைங்க கேட்டோட திரும்பிட்டாங்க. உனக்குப் படிப்பும் இல்ல. அதுவும் கொலச்சா அவ்ளோதான்" என்றாள்.

ஹாஸ்டலில் தங்கியிருந்த பிரவீன் மனோதத்துவம் படித்தான். தோசைக்கல் முன்னால் நின்று யோசனை கேட்டேன்.

"சோறு போடறப்பல்லாம் மணி அடிங்கண்ணா. கொஞ்ச நாள்ல மணி சத்தத்துக்கே நாய்க்கு எச்சில் ஊறும்."

"நான் மணி அடிச்சா நீங்கல்லாம் தட்டோட வர்றீங்களே, அந்த மாதிரியா?"

"அதேதான். ஆனா இது பாதிதாண்ணா, இன்னொரு பாதி…"

குக்கர் விசில் அடித்தது. நான் போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டார் எல்லோரும் சர்ச்சுக்குப் போனதும் கேட்டுக்கு வெளியே போய் நிற்பேன். மணிக்குப் பதிலாகப் பேன்ட் பாக்கெட்டிலிருக்கும் போனின் ரிங்டோனை அடிக்கவிட்டு, அதே பாக்கெட்டிலிருந்து தேங்காய் பன்னை எடுத்துப் போடுவேன். முதலில் என் கையையும் சேர்த்துக் கடித்த டைகர் போகப்போகப் பன்னோடு சமாதானமானது. எதிர்ச் சுவரோரம் மூன்று தெருநாய்கள் உட்கார்ந்திருக்கும். நான் அவற்றைக் கவனிக்கவில்லை. அவை என்னைக் கவனித்திருக்கின்றன.

பெண் கேட்கப் போனேன், தனியாகத்தான். (கூட்டிப்போக எனக்கு ஆளில்லை.) பாஸ்டர் வந்திருந்தார். டைகர் வாலை ஆட்டியது. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றிருந்த அவள் அப்பா அதை நம்பாமல் பார்த்தார்.

"இப்ப என்ன கெலசம் பண்றே தம்பி?"

சமையல் என்றேன். அதற்கு முன்பு செய்த வேலைகளையும் சொன்னேன்.

"எல்லாத்தையும் பாதில வுட்டுட்டு வந்திருக்கே. என் பொண்ண மட்டும் எப்படி வுடாம இருப்பே?"

பாஸ்டர் ஜெபத்தைத் தொடங்கினார். எல்லோரும் கண்ணை மூடினோம். பாக்கெட்டில் போன் அடித்தது. (சாம்பாருக்கு உப்புப் போட்டேனா என்று கேட்க ஹாஸ்டல் ஓனர்.)

டைகர் பாக்கெட் மேல் பாய்ந்தது. திறந்திருந்த கேட் வழியாக, ஒரு துண்டு பன்கூடத் தின்றிராத மூன்று தெருநாய்களும் வந்து அதே பாக்கெட் மேல் பாய்ந்தன. அன்றைக்குப் பார்த்துப் பன் இல்லை. புதுப் பேன்ட் முழங்கால் வரை கிழிந்தது. ஆமென் சொல்லும்போது நான் சோபா மெத்தையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன்.

நடந்ததைச் சொல்லவேண்டியதாயிற்று.

"வூட்டுக்குள்ள வந்தியா?" என்றார் அப்பா.

"இல்ல அங்கிள். கேட்டுக்கு வெளியவே நின்னுட்டுப் போயிடுவேன்."

"வெறும் பன்னு போட்டா போதாதா? போன் மணி எதுக்கு?" என்றாள் ஜெசிந்தா.

டைகர் என் காலடியில் உட்கார்ந்து, தெருநாய்களைப் பார்த்து உறுமிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்த ஜெசிந்தாவின் அம்மா சொன்னார்: "எலெக்ட்ரானிக் சிட்டிலேந்து ரெண்டு பஸ் மாறி வாராவாரம் வந்திருக்கான். கடி வாங்கியும் வந்திருக்கான். இத மட்டும் பாதில வுடலயே, என்னாங்க."

அப்பா உள்ளே போய்த் தன் பேன்ட் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். இடுப்பில் இரண்டு பேர் நுழையலாம். அதைப் பிடித்துக்கொண்டே சம்மதம் வாங்கினேன்.

பிரவீனிடம் சொன்னபோது தலையில் கைவைத்தான். "அந்த இன்னொரு பாதி அதாண்ணா. பக்கத்துல இருந்து பாக்கறவனும் கத்துக்குவான்."

டைகருக்கு இப்போது காது கேட்பதில்லை. என் போன் அடித்தால் மகள் ஓடி வந்து பன் தேடிப் பாக்கெட்டில் கை விடுகிறாள், யாரும் சொல்லித்தரவில்லை. மாமனாரும் நாற்காலியிலிருந்து பாதி எழுந்திருக்கிறார். அவருக்குச் சர்க்கரை. மாமியார் பார்த்தால் உட்கார்ந்துவிடுவார்.