மூன்று விரல் இடைவெளி

கல்முனை
06.12.1981

அன்பின் தம்பி முகைதீன்பாவா அறிவது,

அஸ்ஸலாமு அலைக்கும். நுவரெலியாக் குளிரில் உங்கள் மூட்டுவலி கூடாமல் இருக்க துஆச் செய்கிறேன். இங்கு விடாத மழை. மற்றப்படி குதிரையைத் தவிர எல்லோரும் சுகம்.

முதலில் ஒரு திருத்தம். இந்த அறுபத்தெட்டு வயதில் நான் குதிரையேறித் திரிவதாக ஒரு கதை உலாவுகிறது. உங்கள் காதுக்கும் எட்டியிருக்கும். அது முழுப் பொய். நான் ஏறியது நெல் மூட்டையில். நீங்கள் செய்வித்து அனுப்பிய புதுச் சேணம் எந்தப் பக்கம் பதிகிறது என்று பார்க்க, முன் ஹோலில் கிடந்த ஒரு நெல் மூட்டையின் மேல் அதைப் போட்டு அரை மணித்தியாலம் உட்கார்ந்திருந்தேன். பாண்டிருப்பிலிருந்து தயிர் கொண்டுவரும் அன்னப்பிள்ளை வாசலில் நின்று பார்த்துவிட்டு, "என்ன உம்மா, எங்க பயணம்?" என்று கேட்டாள். "அக்கரைப்பற்றுக்கு" என்றேன், எரிச்சலில். அவள் வீடு போய்ச் சேருமுன் மூட்டை குதிரையாகிவிட்டது. கதை தெற்கே திரும்பிக் காரைதீவுக்கு வந்தபோது குதிரை பாய்ந்ததாம். அட்டாளைச்சேனையில் நான் விழுந்து இடுப்பும் முறிந்துவிட்டது. அங்கிருந்து என் மகன் ஜெமீலின் மாமியார் வீட்டார் நேற்றுத் தோடம்பழத்தோடு வந்து, என் இடுப்பையே பார்த்துக்கொண்டு தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள்.

இத்தனைக்கும் காரணம் உங்கள் சேணக்காரர். ஓகஸ்ட் கடைசியில் சேணம் வந்த அன்று, குதிரையின் தோள்மேட்டுக்கும் சேணத்துக்கும் நடுவே என் மூன்று விரல் தாராளமாக நுழைந்தது. அந்த இடைவெளி இருந்தால்தான் சேணம் எலும்பில் உரசாது. குதிரையில் போய் எங்கள் வயல் பார்க்கும் மீராமுகைதீனை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆவுக்கு முன் மேலே இருத்தி, விரல் விட்டுப் பார்த்து, கொப்பியில் எழுதி வந்தேன். ஒக்டோபரில் இரண்டு விரல். நவம்பரில் ஒன்று, அதுவும் நெருக்கித்தான். புதுச் சேணத்துக்குள் அடைத்த கம்பளி ஆள் பாரத்தில் அமுங்கும், மூன்று மாதத்தில் திருப்பி அனுப்பினால் பிரித்து அடைத்துத் தருவேன் என்று அவர் எழுதியிருந்தார். தைத்ததைப் பிரிக்க வேண்டிவந்தால் முதலில் தைத்தது பிழை என்று கொன்வென்டில் எங்களுக்குப் படிப்பித்தார்கள் என்று நானும் பதில் எழுதினேன்.

மீராமுகைதீன் வேறு வெற்றிலை துப்ப எப்போதும் இடப்பக்கமே சாய்கிறார். அதனால் இடப்பக்கம் கூடப் பதிந்துவிட்டது. வலப்பக்கமும் துப்பச் சொன்னேன்.

"வலப்பக்கம் பள்ளிவாசல் இரிக்கே உம்மா."

"திரும்பி வரும்போது பள்ளி மற்றப் பக்கம்தானே?"

"வரக்குள்ள வெத்தில முடிஞ்சிரும் உம்மா."

இந்த ஆளோடு எதைக் கதைப்பது? மெத்தை தைக்கிறவரைக் கூப்பிட்டு, கம்பளியை எடுத்துவிட்டு இலவம்பஞ்சு அடைப்பித்தேன். முதல் நாள் மீராமுகைதீன் பஸ்ஸின் கூரையில் இருப்பவர்போல உயரத்தில் போனார். மூன்றாம் நாள் மழையில் பஞ்சு நனைந்து ஒரு மூலைக்கு ஒதுங்க, வாய்க்கால் கடக்கும்போது சேணம் சுழன்று குதிரையின் வயிற்றுக்குக் கீழே போய்விட்டது. குதிரை மட்டும் வீட்டுக்கு வந்தது. மீராமுகைதீன் அரை மணித்தியாலம் கழித்து, தலையில் சேற்றோடு வந்தார். பிறகு தென்னந்தும்பு அடைத்தோம், குத்தியது. குதிரை வாசல் படலையைத் தாண்ட மாட்டேன் என்று நின்று என்னைத் திரும்பிப் பார்த்தது. சேணத்தைக் கழற்றினால் முதுகில் ஒரு ரூபா நாணயக் குற்றியளவு புண். மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசி அது ஆறிவிட்டது. பழைய கம்பளியையே திரும்பத் திணித்து வைத்திருக்கிறேன். ஆனால் இதே சேணத்தோடு வயலுக்கு விட்டால் புண் திரும்பவும் வரும்.

இதற்குள் ஜெமீல் கொழும்பிலிருந்து எழுதிவிட்டான். "உம்மா, வயசு போன நேரத்துல ஒங்களுக்கு ஏன் இந்தக் கரச்சல்? முப்பதாந் தேதி வாறன். அதுக்குள்ள குதிர வயலுக்குப் போகாட்டி கானிவல்காரனுக்குக் குடுத்துட்டு ஹொண்டா மோட்டச்சைக்கிள் ஒண்டு எடுப்பம்." கரைச்சலாம். தம்பி, உங்கள் மச்சான் மௌத்தாகி நான் தனித்த பிறகு ஒவ்வொரு மாலையும் மீராமுகைதீன் படலையில் குதிரையை நிறுத்தி, எந்த வரம்பு உடைந்தது, எங்கே தண்ணீர் நிற்கிறது என்று சொல்கிறார். நாளைக்கு என்ன செய்வதென்று நான் சொல்கிறேன். ஹொண்டா வந்தால் அது ஜெமீலின் ஹொண்டா. அது அவன் பெண்சாதி வீட்டு வாசலில் நிற்கும், வயல் கதையும் அங்கேயே நடக்கும். அதன் பிறகு இந்தப் படலையில் எனக்குக் கேட்பதற்குத் தயிர் விலை மட்டும்தான் மிஞ்சும்.

குதிரையின் முதுகுக்குக் குறுக்கே கயிறு பிடித்து, முடிச்சுப் போட்டு அளவு அனுப்பியது நான். அதில் பிழை இராது. ஆகையால் சேணக்காரர் தன் செலவில் வேறொன்று செய்து தரட்டும்.

அல்லாஹ் உங்கள் மூட்டுக்குச் சுகத்தையும் அவருடைய ஊசிக்கு நேர்மையையும் தருவானாக. மச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஸலாம்.

உங்கள் ராத்தா,
கைருன்னிஸா

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். உங்களுக்கு அனுப்பிய அதே அளவில் வெட்டிய இன்னொரு கயிறு என் பெட்டியில் இருந்தது. சேணக்காரரின் பிழையைக் காட்ட, இன்று அதை வைத்து அளந்து பார்த்தேன். கயிற்றில் ஐந்து விரல் மிச்சம். முதலில் அளந்தது நோன்பு இருபத்தாறில் என்று கொப்பி சொல்கிறது. அந்த மாதம் மீராமுகைதீன் வயலுக்குச் சைக்கிளில் போனார். குதிரை முற்றத்தில் சும்மா நின்றது. இந்த வீட்டில் பகலில் சாப்பிட்டது அது ஒன்றுதான். எங்கள் பசிக்கும் சேர்த்து வேலைக்காரி றுகையா அதற்குத் தவிடு வைத்திருக்கிறாள். பிறகு அது வேலைக்குப் போய் மெலிந்துவிட்டது, அகலச் சேணம் கீழே இறங்கிவிட்டது. ஆகவே புதுச் சேணம் வேண்டாம். சேணக்காரர் இங்கே வந்து, குதிரையைப் பார்த்து, பிரித்தே அடைக்கட்டும். கொன்வென்டைப் பற்றி நான் எழுதிய கடிதத்தைக் கிழித்துவிடச் சொல்லுங்கள்.

அவருக்குச் சரியான விரல் கணக்கு எழுத ஒருவர் மேலே இருக்க வேண்டும். வாய்க்காலில் விழுந்த பிறகு மீராமுகைதீன் ஏற மாட்டேன் என்கிறார். எனவே கிணற்றுக் கட்டில் கால் வைத்து நான் ஏறினேன். றுகையா விரல் விட்டுப் பார்த்து, "நகங்கூடப் போகுதில்ல உம்மா" என்றாள். குதிரை தன்பாட்டில் படலை வரை நடந்தது. நான் நிறுத்தவில்லை. படலையில் அன்னப்பிள்ளை தயிர்ச் சட்டியோடு நின்றாள். மேலே எழுதிய திருத்தத்தை வெட்டிவிடுங்கள். அவள் சொன்னது பொய்யல்ல, கொஞ்சம் முந்திச் சொல்லிவிட்டாள்.

முப்பதாம் தேதிக்கு முன் சேணக்காரர் எந்த நாள் வருவார்? எழுத்தில் பதில் போடுங்கள்.