எல்லாம் எங்கட மோகனம்

ராகம் பிடிப்பவர் என்றோர் இனம் ஒஸ்லோவில் உண்டு; நீங்கள் கட்டாயம் சந்தித்திருப்பீர்கள். டிராம் மணி, லிப்டுக் கதவு, பக்கத்து வீட்டுக் குழந்தையின் அழுகை, எது காதில் விழுந்தாலும் கண்ணை மூடி, தொடையில் இரண்டு தட்டுத் தட்டி, அதற்கொரு ராகம் சொல்லாமல் விடமாட்டார். நீங்கள் கேட்டீர்களா? கேட்கவே தேவையில்லை.

இவர்களில் முதல் தரமானவர் நகரின் ட்வெய்ட்டாப் பகுதியில் இருக்கும் அருளானந்தன். வாய்ப்பாட்டு மூன்று வருடம் படித்து நிறுத்தியவர். முழுதாகப் படித்தவர்கள் இவ்வளவு கதைப்பதில்லை.

அவருடைய மகள் நிருஜா, அமெரிக்க மலைநாட்டுப் பழம் பாட்டுகளைப் பாஞ்சோவில் வாசிப்பவள். சினேகிதி மெய்லின் வாசிப்பது இருபத்தொரு கம்பியுள்ள சீனத்துக் குசெங். இருவரும் ஒரு மலைப்பாட்டையும் ஒரு சீனப் பாட்டையும் ஒன்றாகப் பின்ன ஒரு வருடம் பாடுபட்டார்கள். சென்ற சனிக்கிழமை முதல் கச்சேரி. போகுமுன் நிருஜா தகப்பனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்பா, இந்த ஒருக்கால் ராகம் பாக்காமல் பாட்டைக் கேளுங்கோ."

"ஓம் பிள்ளை, நான் ஏன் கதைக்கிறன்?"

இருமுவதற்கும் இடைவேளை பார்க்கும் நோர்வேஜியச் சபை. இரண்டாவது நிமிடமே அருளானந்தனின் தொடை ஆதி தாளத்தில் ஒலித்தது. பிறகு பக்கத்தில் இருந்த என் காதுக்குள், "சீனாக்காரனுக்கும் அஞ்சு சுரம், மலைக்காரனுக்கும் அஞ்சு சுரம். எல்லாம் எங்கட மோகனம்" என்றார். பாஞ்சோவில் விடாமல் ஒலிக்கும் கட்டைக் கம்பி? "சுருதி." குசெங்கின் நெளிவு? "கமகம்." பாட்டு முடியும் இடத்தில்தான் அவர் முகம் சுருங்கியது. "மோகனத்தில மத்திம சுரம் வராது. பிள்ளை பிழை விட்டிட்டாள்."

கைதட்டல் ஓய்ந்ததும் நிருஜா வந்தாள். "எப்பிடி அப்பா?"

கொடுத்த வாக்கு மூன்று விநாடி தாங்கியது. "திறமான மோகனம். கடைசியில ஒரு மத்திமம் பட்டிட்டுது. பரவாயில்லை, ஆர் கவனிச்சது?"

நிருஜா பாஞ்சோவை உறைக்குள் வைத்து மூடினாள். "மற்றதெல்லாம் அவையின்ர பழைய பாட்டு அப்பா. அந்த மத்திமம் ஒண்டுதான் நான் போட்டது."

அருளானந்தனின் கை தொடைக்குப் போனது, தட்டவில்லை. அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் அந்த மத்திமம் வந்த இடத்தில், பிள்ளை பிழை விட்டுவிட்டாள் என்று நீங்களும்தானே நினைத்தீர்கள்? அருளானந்தனுக்கு இடப்பக்கத்து இருக்கை உங்களுக்காகக் காலியாக இருக்கிறது. வலப்பக்கத்தில் நான் இருக்கிறேன்.