கோழிகளுக்குப் பெரட்டு எடுத்த கல் துரை

1. பழைய துரை பங்களாவை ஹோட்டலாக்குவதற்காக அளவெடுக்கப் போனேன்.
2. வாசல் வளைவின் நடுக்கல்லைக் காணவில்லை.
3. அது ஒரு கோழிக்கூட்டுச் சுவரில் மீசையோடு இருந்தது.
4. எனக்கு அரைப் பேர் விழுந்தது.

நான்காவதற்குக் காரணம் பெரட்டுக்காரர். அவரைவிட ஒழுங்கானவர்கள் ஊவா மாகாணத்தில் உண்டென்றால், அது அவருடைய கோழிகள்தான்.

ஹாலிஎலவுக்கு மேலே அந்தப் பங்களாவைக் கட்டிய ஸ்கொட்லாந்துத் துரை, தன் ஊர்ப் பண்ணை வீட்டைப் போலவே எல்லாக் கல்லிலும் எதையாவது செதுக்க வைத்தார். முன்மண்டபமும் வாசல் வளைவும் இடிந்ததும் கற்கள் தேயிலைத் தோட்டத்துக்குள் குடிபெயர்ந்தன. கதிர்க்கட்டு செதுக்கிய கல்லில் சட்டைக் கழுத்து தேய்க்கிறார்கள். துரையும் துரைசாணியும் மணமுடித்த ஆண்டைப் பொறித்த நிலைக்கல் கழிவுநீர்க் கானுக்குப் பாலம், அதுவும் தலைகீழாக. நடுக்கல்லில் செதுக்கிய துரையின் முகம் மட்டும் ஓய்வுபெற்ற கங்காணியான பெரட்டுக்காரரிடம் இருந்தது.

தோட்டத்தில் காலையில் ஆள் கூட்டிப் பெயர் எழுதுவதுதான் பெரட்டு. பிந்தினால் அரைநாள் சம்பளம், அரைப் பேர். அவர் அதைக் கோழிகளுக்கு நடத்தினார். விடிந்ததும் தகரம் தட்டுவார். கோழிகள் துரை முன்னால் கூடும். தீனி விழுவதும் அங்கேதான் என்பது வேறு விஷயம்.

"கறுப்பி!"

"கொக்."

"முழுப் பேருங்க தொரை!"

நான் போனபோது கூட்டம் கலைந்துகொண்டிருந்தது.

"பிந்திட்டீங்க மிஸ். அரைப் பேருதான்."

"நான் கோழி இல்லீங்க ஐயா."

"அதான் அரை. கோழின்னா வெரட்டியிருப்பேன்."

"தொரைய ஏன் இங்க வச்சீங்க?"

"காலம் பூரா நான் தொரைமாருக்கு முன்னாடி நின்னேன். இவரு கொஞ்சம் என் கோழிக்கு முன்னாடி நிக்கட்டும்."

ஹோட்டல் முதலாளிக்குக் கல் திரும்ப வேண்டும். நான் அதைச் சொன்னதும், பெரட்டுக்காரர் கையிலிருந்த தகரத்தைக் கீழே வைத்தார். "தொரைய எடுத்துட்டா நான் யாருக்கிட்டங்க கணக்கு சொல்றது?" பிள்ளைகள் எல்லோரும் கொழும்பில். காலையில் பேர் சொல்லிக் கூப்பிட அவருக்குக் கோழிகளை விட்டால் யாருமில்லை.

"துரை வாசலுக்குப் போனால் பெரட்டும் போகட்டும்" என்று முதலாளியிடம் சொன்னேன்.

"வாசலெல்லாம் கோழி அசிங்கம் பண்ணுமே?"

"வெள்ளைக்காரங்க படம் எடுப்பாங்க சேர்."

அவர் உடனே சம்மதித்தார். பெரட்டுக்காரர்தான் தயங்கினார்.

"முன்வாசலா மிஸ்? நாங்க பின்பக்கந்தான் போவோம்."

"கறுப்பிக்கு அதெல்லாம் தெரியாதுங்க ஐயா."

யோசித்தார். வளைவைத் திரும்பக் கட்டிக் கல்லை ஏற்றிய மறுநாள் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, கோழிகளை முன்வாசல் வழியாகவே ஓட்டி வந்தார்.

இப்போதைய நிலவரம்: துரை வளைவில் இருக்கிறார். பெரட்டு முன்வாசலில் நடக்கிறது. என் வேலை எப்போதோ முடிந்துவிட்டது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் விடியுமுன்னே போய் நின்றுவிடுகிறேன். கறுப்பிக்கு அடுத்து என் பேரைக் கூப்பிடுகிறார். முழுப் பேர்.