பூமி சூட்டுக்குக் காரணமானவர் கிடைத்துவிட்டார்

சுற்றுச்சூழல் துறையில் மாதாந்திர அறிக்கை என்று ஒன்று உண்டு. அதில் ஒன்பதாவது கட்டம், 'வெப்பம் அதிகரித்ததற்குப் பொறுப்பானவர்'. பதினோரு வருஷமாக அதில் 'விசாரணையில் உள்ளது' என்றே எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார்கள். மேலிடமும் ஆட்சேபிக்கவில்லை. படித்தால்தானே ஆட்சேபிப்பதற்கு!

இப்படியிருக்க, நகைச்சுவை நடிகர் ஒருவர் தம் தனிநபர் நாடகத்துக்கு அனுமதி கேட்டு அங்கே போய்ச் சேர்ந்தார். மேடையில் அவர் ஒருவர்தான். பூமியைக் கெடுத்ததாக ஒன்றரை மணி நேரம் தன்னைத்தானே திட்டிக்கொள்வார். பார்த்த வேலையை உதறிவிட்டு மூன்று வருஷம் உட்கார்ந்து எழுதியது. சனிக்கிழமை அரங்கேறாவிட்டால் பழைய மேலாளர் காலில் போய் விழவேண்டியதுதான். வெப்பத்தைப் பற்றி வாய் திறக்கிற எவரும் வசனத்தை மூன்று பிரதிகளில், பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்திட்டுத் தரவேண்டும் என்பது விதி. தந்திருந்தார்.

பிரிவு அதிகாரி முதல் வரியைப் படித்தார். 'இந்தப் பூமி சூடாவதற்கு நான்தான் காரணம்.' கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். பிறகு மரியாதையாக எழுந்து நின்றார்.

"உக்காருங்க சார். இத்தனை வருஷமா எங்க இருந்தீங்க?"

"சார், அது நாடகம். சிரிக்கிறதுக்கு எழுதினது."

"கையெழுத்து உங்களோடதுதானே?"

"ஆமா."

"சிரிச்சுக்கிட்டே போட்டதா எங்கயும் குறிப்பு இல்லையே."

"நான் பஸ்ல போறவன் சார். என் ஒருத்தனால எப்படி..."

"பக்கம் ஏழு. 'என் குற்றத்துக்கு அளவே இல்லை.' நீங்க எழுதினதுதான். அளவே இல்லைன்னு சொன்னப்புறம் நாங்க எப்படிக் குறைச்சுப் போடறது?"

துணைக்கு வந்திருந்த மனைவி சாட்சியாக விசாரிக்கப்பட்டார்.

"வீட்டுல இவர் லைட்டை அணைக்கிற வழக்கம் உண்டாம்மா?"

புருஷனைக் காப்பாற்றத்தான் அவர் வாயைத் திறந்தார். ஆனால் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் இந்தக் கேள்வியை யாருமே அவரிடம் கேட்டதில்லை.

"எங்கங்க அணைக்கிறாரு? ஃப்ரிட்ஜைத் திறந்து வெச்சுக்கிட்டு அதுக்கு முன்னாடி நின்னு யோசிப்பாரு. இதையும் எழுதிக்குங்க."

"நீ யாரு பக்கம்?"

"கேட்டாங்க, சொன்னேன். பொய்யா சொல்லச் சொல்றீங்க?"

ஒன்பதாவது கட்டம் நிரம்பியது. நாடகத்துக்கும் அனுமதி கிடைத்தது, ஒரே ஒரு நிபந்தனையுடன்: அது பகிரங்க வாக்குமூலமாகக் கொள்ளப்படும், முடிவில் பார்வையாளர்கள் சாட்சிக் கையெழுத்திட, நடிகரைத் துறை அழைத்துச் செல்லும். நடிகர் சம்மதித்தார். மேடை கிடைக்கிறது என்றால் கலைஞன் எதற்குத்தான் சம்மதிக்கமாட்டான், பாவம்.

சனிக்கிழமை அரங்கம் நிரம்பி வழிந்தது. எனக்குப் பின்வரிசையில்தான் இடம் கிடைத்தது. முன்வரிசையில் சிமென்ட் ஆலை முதலாளி, விமானக் கம்பெனித் தலைவர், அமைச்சர். கூட்டம் அதிகம் என்று ஏசியைப் பதினாறுக்கு இறக்கினார்கள். நடிகர் ஜோக்குக்கு மேல் ஜோக்காகச் சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை. "அடப்பாவி, இவ்வளவும் நீ செஞ்சதா?" என்று உச்சுக்கொட்டினார்கள். ஆலை முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கடைசியில் நடிகர் பொறுக்கமாட்டாமல், வசனத்தில் இல்லாத ஒரு வரியைக் கத்தினார்.

"நான் மட்டும் இல்லைங்க! நீங்களும்தான்!"

அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது.

கையெழுத்து வரிசை வாசல்வரை நீண்டது. எனக்கு முன்னால் நின்றவர், "கடைசி ஜோக் மட்டும் பிரமாதம் சார்" என்றார். "ஆமாமா" என்று சொல்லி, நானும் கையெழுத்துப் போட்டேன். நடிகரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மனசு லேசாகிவிட்டது. ஒரு சுற்று ஊரை வலம் வந்துவிட்டுப் போகலாம் என்று காரை எடுத்தேன்.