டிஸ்க்குக்கு ஓய்வு

கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க் மறுபடியும் "டிக்... டிக்..." என்றது. தூக்கப் பரிசோதனைக் கூடத்து டெக்னீஷியன் திரையை எட்டிப் பார்த்தார். மூன்று மாதமாக இங்கே வந்து படுத்தவர்களின் தூக்கமெல்லாம் அலை அலையாக அதற்குள்தான் கிடந்தது. வேறு நகல் இல்லை. நாலு மணிக்கு டாக்டர் வந்து கேட்பார்.

டெக்னீஷியன் ரிப்பேர் கடைக்குப் போன் செய்தார். டிஸ்க் பார்க்க உடனே ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள். பகல் தூக்கப் பரிசோதனைக்கும் ஒருவர் வரவேண்டியிருந்தது.

இரண்டு மணிக்கு வெளியே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் பையைக் கட்டிக்கொண்டு தூங்கி வழிந்தார். டெக்னீஷியன் அவரைக் கைத்தாங்கலாக அழைத்துப்போய்ப் படுக்கவைத்து, தலையில் ஒயர்களை ஒட்டினார்.

"இதெல்லாம் எதுக்கு சார்?" என்று முனகியவர், பதிலுக்குக் காத்திராமல் உறங்கிப்போனார்.

டெக்னீஷியன் திரைச்சீலையை இழுத்துவிட்டு வெளியே வந்தார். மற்றவர் சிவந்த கண்களோடு கொட்டக் கொட்ட விழித்திருந்தார். ஓயாமல் கம்ப்யூட்டர் பார்க்கிற கண்கள்.

"உள்ள வாங்க சார். எட்டு எடம் கெட்டுப்போச்சு, பேட் செக்டார்னு காட்டுது."

"எட்டுதானே? அதையே நினைச்சுட்டிருந்தா இன்னும் கெடும்."

அனுபவஸ்தர்தான் என்று டெக்னீஷியனுக்குத் தெம்பு வந்தது. "இப்ப என்ன பண்ணட்டும்?"

"கொஞ்சம் அணைச்சு வைங்க. ஓய்வு வேணும் பாருங்க."

அணைத்துவிட்டு மறுபடி போட்டார். எட்டாக இருந்தது நூற்றுப்பன்னிரண்டானது.

"சார், ரிப்பேர் பண்ணவான்னு கேக்குது."

"அதுவா கேக்கும்போது வேண்டாம்னா சொல்றது?"

நீலக் கோடு திரையில் ஊர்ந்தது. மங்கிய வெளிச்சத்தில் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விழித்ததும் கலைகிற கனவுபோல ஃபோல்டர்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. எண்ணிக்கை இரண்டாயிரத்தைத் தாண்டியது. டிஸ்க் இப்போது மூச்சு விடாமல் டிக்டிக்கென்றது.

"லேசாத் தட்டிக் கொடுத்துப் பாருங்க," என்றார் சிவந்த கண்ணுக்காரர்.

டெக்னீஷியன் இரண்டு தட்டுத் தட்டினார். சத்தம் நின்றது. திரையிலிருந்து டிஸ்க்கே காணாமல் போனது.

"தூங்கிடுச்சு," என்றார் அவர், பெருமூச்சோடு. "குடுத்து வச்சது."

திரைச்சீலை விலகியது. தலையெல்லாம் ஒயர் தொங்க, படுக்கையில் இருந்தவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார்.

"மன்னிச்சுக்குங்க சார், ராத்திரி பூரா ஒரு டிஸ்க்கோட மல்லுக்கட்டினதுல அசந்துட்டேன். போன்ல சொன்னீங்களே, உங்க டிஸ்க் எங்க? நான் வர்ற வரைக்கும் யாரும் அதைத் தொடலையே?"