எனக்குப் புரியுதுக்கா

உலகத்தில் அடிக்கிறவர்கள் உண்டு, அடி வாங்குகிறவர்கள் உண்டு. மூன்றாவதாக ஓர் இனமும் உண்டு: புரிந்துகொள்கிறவர்கள். சாவு வீட்டிலும் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் இவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆனால் இந்தப் பயிரை முளையிலேயே பார்க்க ஆசையிருந்தால் குடும்ப நீதிமன்றத்துக்குப் போங்கள். வீட்டில் அடிபட்டு வழக்குப் போட்ட பெண்களுக்குத் துணையாக, சமூகப்பணி படிக்கும் பிள்ளைகளை அங்கேதான் களப்பயிற்சிக்கு அனுப்புகிறார்கள்.

அடையாளம் சொல்கிறேன். கழுத்தில் அட்டை, தோளில் துணிப்பை, கையில் நோட்டு. தலை எப்போதும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். எதிரில் இருப்பவர் மணி என்ன என்று கேட்டால்கூட அது மூன்று முறை மெல்ல ஆடி முடித்த பிறகுதான் பதில் வரும். பஸ்ஸில் குடையை விட்டுவிட்டேன் என்று சொல்லிப் பாருங்கள். "அப்போ உங்க மனசுல என்ன ஓடுச்சு?" என்று கேட்பார்கள். குடையைத் தேடப் போகமாட்டார்கள்.

அப்படி வந்த ஒரு மாணவிக்குப் பெண்கள் உதவி மையத்தில் வைத்திருந்த பெயர் 'புரியுது'. பரீட்சைக்கு முந்நூறு மணி நேரக் களப்பணி காட்டவேண்டும். அதில் கடைசி நான்கு மணி நேரம் பாக்கி இருந்தபோதுதான் தையல் அக்காவோடு நீதிமன்றத்துக்குப் போகும் வேலை வந்தது.

தையல் அக்கா கணவனை விட்டு வந்து தங்கை வீட்டில் இருக்கிறார். அவன் தினமும் சாயங்காலம் அவருடைய தையல்கடை வாசலில் வந்து நின்று, போகிற வருகிறவர்கள் காதில் விழும்படி ஏசுவான். ஒருநாள் அவரைக் குத்தக் கத்தரிக்கோலையும் எடுத்துவிட்டான். கடைப் பக்கம் வரக்கூடாது என்று நீதிமன்றம் போட்ட தடை அன்றோடு முடிகிறது. அதை அன்றைக்கே நீட்டித்தால் உண்டு, இல்லாவிட்டால் மறுநாள் சாயங்காலம் அவன் மறுபடியும் வாசலில் நிற்பான்.

மையத்தின் பொறுப்பாளர் இருபது வருடம் இதே வராந்தாவில் தேய்ந்தவர். "தண்ணி பாட்டில் எடுத்துக்கோ, ஃபைல் எடுத்துக்கோ. டவாலி வாசல்ல வந்து பேரு கூப்பிடுவார், காதைத் தீட்டிக்கிட்டு இரு. வேற ஒண்ணும் செய்ய வேணாம்" என்றார். புரியுதுவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இரண்டு வருடம் மனித மனத்தை அக்குவேறு ஆணிவேறாகப் படித்தது தண்ணீர் பாட்டில் தூக்கவா?

நீதிமன்ற வராந்தாவில் தையல் அக்கா பெஞ்சில் உட்கார்ந்து, பள்ளிக்கூடச் சட்டை ஒன்றுக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தார். கறுப்புக் கோட்டுகள் குறுக்கும் நெடுக்கும் பறந்தன. எதிர்ப் பெஞ்சில் கணவன் கால்மேல் கால் போட்டிருந்தான். அவனைப் பார்த்ததும் புரியுது பாட்டிலைத் திறந்தாள். இரண்டு பேருக்கும் கொண்டுவந்த தண்ணீரை அவளே குடித்து முடித்தாள்.

"பயமா இருக்காக்கா?"

"இல்லம்மா. இதை மூணு மணிக்குள்ள குடுக்கணும்."

"பயமா இருந்தா சொல்லலாம்க்கா. எனக்குப் புரியுது."

இதற்குப் புத்தகத்தில் வழி இருக்கிறது: பயனாளியை அமைதியான இடத்துக்கு அழைத்துச் சென்று பதற்றத்தைத் தணிக்கவும். புரியுது ஊசியைப் பிடுங்கிப் பைக்குள் போட்டாள், அக்காவின் கையைப் பிடித்து மாடிப்படிக்குக் கீழே கூட்டிக்கொண்டு போனாள், உடைந்த நாற்காலிகளுக்கு நடுவில் உட்காரவைத்தாள், கண்ணை மூடச் சொன்னாள், தானும் மூடிக்கொண்டாள்.

"மூச்சை இழுங்க... மெதுவா விடுங்க..."

தூரத்தில் டவாலி ஒரு பெயரைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, என் பேரு மாதிரி இருக்கே?"

"வெளிச் சத்தத்தை விட்டுடுங்கக்கா. கண்ணைத் திறக்காதீங்க."

இரண்டாம் முறை கூப்பிட்டார். "இன்னும் ஆழமா" என்றாள் புரியுது. மூன்றாம் முறை கூப்பிட்டபோது தையல் அக்கா எழுந்து ஓடினார். ஒரு செருப்பு நாற்காலிக் காலில் மாட்டி அங்கேயே நின்றுவிட்டது.

உள்ளே எதிர்த்தரப்பு வக்கீல், "மனுதாரர் வரலைங்க ஐயா, தடையை நீட்டிக்கத் தேவையில்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நீதிபதி பேனாவைத் திறந்துவிட்டார்.

"வந்துட்டேன் ஐயா!"

"மூணு தடவை கூப்பிட்டாங்க. எங்கம்மா போயிருந்தீங்க?"

"மாடிப்படிக்குக் கீழே கண்ணை மூடிக்கிட்டு உட்கார்ந்திருந்தேங்க."

கோர்ட்டே சிரித்தது. "எதுக்கு?" என்றார் நீதிபதி.

அக்கா, பின்னால் அந்த ஒற்றைச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடிவந்து மூச்சு வாங்க நின்ற புரியுதுவைக் காட்டினார். "இந்தப் பொண்ணுக்கு ரொம்பப் பயமா இருந்துச்சுங்க ஐயா. ரெண்டு பேரு தண்ணியையும் அதுவே குடிச்சிடுச்சு. கொஞ்ச நேரம் கூட உட்கார்ந்தா சரியாயிடும்னு பார்த்தேன்."

பிறகு அக்கா கடை வாசல் கதையை ஆறே வாக்கியத்தில் சொன்னார். தடை ஆறு மாதத்துக்கு நீண்டது. கணவன் எழுந்து போனான்.

வராந்தாவுக்குத் திரும்பியதும் புரியுது தன் அறிக்கையில், 'பயனாளி தன் குரலைத் தானே கண்டடைவதற்கான சூழலை உருவாக்கினேன்' என்று எழுதினாள். கீழே பயனாளி கருத்து எழுதும் இடத்தில் தையல் அக்கா, 'தங்கமான பெண், கூடவே இருந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, "பாஸ் பண்ணணும்ல, பாவம்" என்றபடி ஊசியைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் கத்தரிக்கோலை எடுத்துவிட்டான் என்று படித்தபோது உங்கள் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்ததே, அதைக் கவனித்தீர்களா? உங்கள் பக்கத்து வீட்டிலும் சில நாள் பாத்திரம் விழுகிற சத்தம் கேட்கும், அதற்குப் பிறகு ஒரு அழுகை கேட்கும். கதவைத் தட்டினீர்களா, இல்லை டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டு 'ச்சு, பாவம்' என்றீர்களா? அடுத்தவர் குடும்ப விஷயம், நாம் எப்படித் தலையிடுவது என்கிறீர்கள்.

புரிகிறது. என் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கமும் கேட்கத்தான் செய்கிறது. எனக்கு ரொம்ப நன்றாகவே புரிகிறது.