பூசைக்கு முன்னால் ஸ்ரீரங்கம் போய்வந்தது

அன்புள்ள மச்சான் ஸ்டீபன்ராஜுக்கு,

பொன்மலையிலிருந்து அத்தான் அமிர்தசாமி எழுதுவது. நானும் உங்கள் அக்கா பெலிண்டாவும் ஆண்டவர் அருளால் நலம். தஞ்சாவூரில் நீங்களும் ஜென்சியும் பிள்ளைகளும் நலமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். எனக்கு ஒரே குழப்பம். போன ஞாயிறு நான் பூசை கண்டேனா இல்லையா என்று, பங்குப் பேரவையில் இருக்கும் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அதற்கு முந்தின வாரம் ஃபாதர் பிரசங்கத்தில், "யார்கிட்டயாவது பேசாம இருந்தா முதல்ல அவங்களைப் போய்ப் பாருங்க. மனசைப் பெருக்கித் துடைச்சிட்டு, கல்யாண வீட்டுக்கு வர்ற மாதிரி சந்தோஷமா பூசைக்கு வாங்க" என்றார். நானோ இருபது வருஷமாக வாசல் தூணோரம் நின்று, வெளியே கழற்றிய செருப்பைப் பார்த்தபடியே பூசை காண்கிறவன். சுருக்கென்றது. ரயில்வே ஒர்க்ஷாப்பில் என்னோடு ஃபிட்டராக இருந்த வீரமலை நினைவுக்கு வந்தார். என் ரிட்டயர்மென்ட் விழாவில் மைக்கைப் பிடித்து, "தூங்குறப்பகூட இவர் ஸ்பேனரைக் கீழ வைக்கமாட்டார். அதனாலதான் தூங்குறது யாருக்கும் தெரியல" என்று மண்டபத்தையே சிரிக்க வைத்தவர். எனக்குப் போட்டிருந்த மாலை கண்ணை மறைத்தது. குரலை வைத்தே ஆளைப் பிடித்துவிட்டேன். ஏழு வருஷமாகப் பேச்சில்லை.

ஞாயிறு விடிந்ததும் குளித்து, சலவை வேட்டி கட்டி, ஏழரைப் பூசைக்குள் திரும்பிவிடலாம் என்று ஸ்ரீரங்கத்துக்குப் பஸ் ஏறினேன். வீரமலை வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தார். "உங்களை மன்னிச்சிட்டேன்" என்றேன்.

"எதுக்குண்ணே?" என்று வாய் நிறைய நுரையோடு முழித்தார். விஷயத்தைச் சொன்னேன். "அந்த விழாவுக்கு நான் வரவேயில்லையே! கால்ல கட்டுப் போட்டுப் படுத்திருந்தேன்."

நான் விடவில்லை. அவர் மனைவி மலர்க்கொடி எனக்குக் காபியை நீட்டியபடி, "பாவம், அவங்க பூசைக்குப் போகணுமாம். சொன்னேன்னு ஒத்துக்கங்களேன்" என்றார்.

"சரிண்ணே, சொல்லிட்டேன். மன்னிச்சுக்குங்க" என்று வீரமலை என் கையைப் பிடித்தார். "ஆனா நீங்க ஏன் வீட்டுக்கு வர்றதே இல்லைன்னு இத்தனை வருஷமா தெரியாம இருந்தேன்."

இருவருக்கும் கண் கலங்கிவிட்டது. அதற்குள் மணி ஏழரை. அவரே என்னைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு பறந்தார். பாலத்தில் நெரிசல். கோயிலுக்குள் நுழையும்போது ஃபாதர் கடைசி ஆசீர் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் தூணோரம் ஒதுங்காமல் நடுவழியாக முன்னால் போய் "ஆமென்!" என்று கத்தினேன். கோயிலே திரும்பிப் பார்த்தது. பின்னால் வீரமலை ஹெல்மெட்டைக் கழற்றாமல் கைகூப்பி நின்றார். மச்சான், முழுப் பூசை கண்ட நாட்களில் வராத சந்தோஷம் அந்த ஒரு ஆமெனில் வந்தது. ஆனால் பூசை போய்விட்டதே! இது பூசை கண்டதாகுமா, அல்லது பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டுமா?

பிள்ளைகளுக்கு என் ஆசீர். மாதா உங்கள் வீட்டைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

இப்படிக்கு,
அத்தான் அமிர்தசாமி

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது பெலிண்டா பழைய விழா வீடியோவைத் தேடிப் போட்டாள். மைக்கைப் பிடித்திருப்பது வீரமலை இல்லை; நீங்கள். ஆகவே மேலே கேட்டதற்குப் பதில் வேண்டாம். வரும் ஞாயிறு விடிந்ததும் வீரமலையும் நானும் தஞ்சாவூர் வருகிறோம். உங்கள் ஊரில் பூசை எத்தனை மணிக்கு என்று மட்டும் எழுதுங்கள்.